கேசட் செட் உள்ள பழைய ஜென்: போன் பாட்டு போட்டால் அடாப்டர் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது

கோவை_ஜென்99
ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிட்டிருந்த 1999 மாடல் மாருதி ஜென் இப்ப என் கைக்கு வந்திருக்கு. அதுல வண்டி வாங்கின புதுசுல மாட்டின ஜப்பான் கேசட் செட், ஆட்டோ ரிவர்ஸ் (ஒரு பக்கம் முடிஞ்சா தானே மறுபக்கம் திருப்பிப் பாடும்). ரேடியோ பாடுது, கேசட்டும் பாடுது. ராத்திரில அந்த ஆரஞ்சு வெளிச்சத்துல அது உக்காந்திருக்கிற அழகைப் பாத்தா கழட்ட மனசு வரல. அப்பாவும் "செட்டுல மட்டும் கை வைக்காத"ன்னு சொல்லிட்டார்.

போன்ல இருக்கிற பாட்டு அதுல வரணும், அவ்வளவுதான்.

முதல்ல சிகரெட் லைட்டர்ல சொருகுற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன், போன் பாட்டை எஃப்எம்ல அனுப்பும், செட்டோட ரேடியோல அதே நம்பர் வச்சுக் கேக்கணும். ஊருக்குள்ள சுமாரா பாடிச்சு. வாராவாரம் பழனி வழியா திண்டுக்கல் போறவன் நான். உடுமலை தாண்டினதும் என் பாட்டு கரகரன்னு ஆகி, பழனி வர்றதுக்குள்ள வேற யாரோ பேச ஆரம்பிச்சுடறாங்க.

அடுத்து கேசட் அடாப்டர். கேசட் மாதிரியே இருக்கும், ஓரத்துல இருந்து ஒரு ஒயர் வந்து 3.5 மி.மீ. ஜாக்ல முடியும். உள்ள தள்ளினா பத்துப் பதினைஞ்சு செகண்ட் அருமையா பாடுது. அப்புறம் செட்டுக்குள்ள 'டக்'னு ஒரு சத்தம், அம்புக்குறி இடப்பக்கம் திரும்புது, பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுது. இன்னும் பத்து செகண்ட்ல மறுபடி 'டக்', பாட்டு சரியாகுது. இப்படியே மாறி மாறி. சாதா கேசட் போட்டா ரெண்டு பக்கமும் ஒழுங்கா ஓடுது. யாராவது இதைச் சமாளிச்சிருக்கீங்களா?

டீக்கடை_டிஜே
ஞாயிறு, இரவு 9:30

டிரான்ஸ்மிட்டரை எந்த நம்பர்ல வச்சிருந்தீங்க?

கோவை_ஜென்99
ஞாயிறு, இரவு 9:34

100.7. கோயம்புத்தூர்ல அங்க காலியா இருந்துச்சு.

டீக்கடை_டிஜே
ஞாயிறு, இரவு 9:36

😂😂 கொடைக்கானல் எஃப்எம் 100.5. மலை உச்சியில நின்னு பாதித் தமிழ்நாட்டுக்குக் கேக்கிற மாதிரி கத்துறவர் பக்கத்துல போய் ரகசியம் பேசியிருக்கீங்க.

மவுண்ட்ரோடு_மணி
ஞாயிறு, இரவு 10:05

எதுக்கு சார் இந்தப் பாடு? அந்தச் செட்டு இருக்கிற ஓட்டை 180க்கு 50 மி.மீ., உலகம் பூரா ஒரே அளவு. இன்னைக்கும் அந்த அளவுல ப்ளூடூத், யுஎஸ்பி ரெண்டும் உள்ள செட் வருது. சென்னை வந்தா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல அரை மணி நேரத்துல மாட்டிக் குடுத்துடுவாங்க. மஞ்சள் ஒயர் நேரா பேட்டரி, சிவப்பு சாவி போட்டா வர்றது, கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் மாத்திட்டா மட்டும் ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன் மறந்து போகும், வேற பயம் இல்ல. கேசட்டோட இந்தக் காலத்துலயும் மல்லுக்கட்டணுமா?

கோவை_ஜென்99
ஞாயிறு, இரவு 10:11

மணி சார், நீங்க சொல்றது புத்திசாலித்தனம். ஆனா அப்பா இன்னும் அந்த வண்டில முன்சீட்ல உக்காந்து வர்றார். புதுச் செட்டைப் பாத்தா திண்டுக்கல் வரைக்கும் எங்கிட்ட பேச மாட்டார்.

சர்க்யூட்_சாமி
ஞாயிறு, இரவு 11:20

அடாப்டர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பாதிப் பிரச்சினை தீரும், கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கேசட்ல நாடாவோட அகலம் 3.81 மி.மீ. நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்துல அது செட்டோட ஹெட்டை (நாடாவைப் படிக்கிற முனை) உரசிக்கிட்டுப் போகும். நாடாவுல பதிஞ்சிருக்கிற காந்தம் நகர்றதால ஹெட்டுக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள்ல ரொம்பச் சின்ன மின்சாரம் பிறக்கும், அதைத்தான் செட் பெருக்கிப் பாட்டா தருது. அடாப்டர்ல நாடாவே கிடையாது. அதுக்குப் பதிலா நாடா இருக்க வேண்டிய இடத்துல இன்னொரு குட்டி ஹெட் ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும். போன்ல இருந்து வர்ற மின்சாரம் அதுக்குள்ள போறப்ப அது பாட்டுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கற காந்தமாகுது. செட்டோட ஹெட்டுக்கு வித்தியாசம் தெரியாது, எதிர்ல நாடா ஓடுதுன்னு நினைச்சுக்கும். ரெண்டு ஹெட்டும் முகத்தோட முகம் ஒட்டி நிக்கணும். ஒரு மயிரிழை விலகினாலும் முதல்ல போறது ஜால்ரா, சலங்கை மாதிரி மேல் ஸ்தாயிச் சத்தம். இன்னும் விலகினா ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடும்.

//பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி//

இதுக்கும் காரணம் அதுதான். கேசட்டோட ஏ பக்கத்துப் பாட்டு நாடாவோட ஒரு பாதி அகலத்துலயும் பி பக்கம் மறுபாதிலயும் இருக்கும். செட் பக்கம் திரும்பினா ஹெட் மறுபாதியைப் படிக்கும். அடாப்டரோட ஹெட் இந்தப் பாதிக்குத்தான் பாடிக்கிட்டிருக்கு, அந்தப் பக்கம் கசியறது மட்டும்தான் உங்களுக்குக் கேக்குது.

டால்பி பட்டன் இருந்தா அணைச்சு வைங்க. டால்பி நாடாவோட இரைச்சலைக் குறைக்கறதுக்காக மேல் ஸ்தாயியை அமுக்கும். அடாப்டர்ல நாடாவே இல்லாததால அமுங்கறது பாட்டுதான். போன் வால்யூமை முக்கால்ல வைங்க. முழுசா வச்சா அடாப்டர் ஹெட் பிதுங்கி, 'ச', 'ஷ' எல்லாம் சீறும். பாதிக்குக் கீழ வச்சா செட்டோட இரைச்சல் தலை தூக்கும்.

ஆனா என்னைக் கேட்டா அடாப்டரையே தூக்கிப் போட்டுட்டு, செட்டைத் திறந்து வால்யூம் கன்ட்ரோல்ல நேரா ஒரு ஆக்ஸ் ஒயர் (வெளியில இருந்து பாட்டைக் கொண்டு வர்ற ஒயர்) சால்டர் பண்றதுதான் சுத்தமான வழி. ஹெட்டுக்கு வர்ற ஒயர்ல மட்டும் கொடுத்துடாதீங்க. அங்க ஓடறது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கம்மி. போன் தர்றது அதைப் போல பல நூறு மடங்கு, கொடுத்தா ஸ்பீக்கர்ல ஒரே காட்டுக்கத்தல்தான் வரும். டேப் ப்ரீஆம்புக்கு (ஹெட்ல இருந்து வர்றதை முதல்ல பெருக்குற பகுதி) அப்புறம்தான் சேர்க்கணும்.

ஹெட்கிளீனர்
திங்கள், காலை 6:40

சாமி சொன்ன தத்துவம் சரி. கடைசில சொன்ன வைத்தியத்துக்குத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். நான் மதுரையில 22 வருஷம் கார் செட் சர்வீஸ் பார்த்தவன். குமிழ் திருகுற செட்டுல நீங்க சொல்றது நடக்கும். 1999ல வந்த செட்டுல பெரும்பாலும் வால்யூமே ஐசி சிப்புக்குள்ள இருக்கும், பட்டன் அமுக்கினா நம்பர் ஏறும். எந்தக் கால்ல ஒயர் வைக்கிறதுன்னு தெரியாம சூட்டுக்கோல் வச்சா அப்பா தம்பியை வண்டிக்குள்ளயே விட மாட்டார்.

தம்பி, நாலு கேள்வி. பதில் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

அடாப்டரைக் கையில எடுத்து, ரீல் ஓட்டைக்குள்ள ஒரு கட்டப்பேனாவை விட்டுச் சுத்துங்க. சுலபமா சுத்துதா, இடறுதா? ஒரு ரீலைச் சுத்தினா அடுத்த ரீலும் சேர்ந்து சுத்துதா? செட்டுல ஓடறப்ப 'கட கட'ன்னு சத்தம் வருதா? ஒயர் அடாப்டரோட எந்த மூலையில இருந்து வெளிய வருது?

கோவை_ஜென்99
திங்கள், காலை 8:15

ஐயா, நன்றி. பேனா விட்டுச் சுத்தினேன் (வீட்டுல கட்டப்பேனா கிடைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு). முக்கால் சுத்து சுலபமா போகுது, ஒரு இடத்துல பிடிக்குது, அழுத்தினா 'டிக்'னு தாண்டுது. அடுத்த ரீலும் சேர்ந்து சுத்துது. செட்டுல ஓடறப்ப கடகட சத்தம் இருக்கு, பாட்டு நின்ன நேரத்துல நல்லாக் கேக்குது. ஒயர் கேசட்டோட பின்பக்கம் இடது மூலையில வருது.

ஹெட்கிளீனர்
திங்கள், காலை 8:50

பிடிச்சாச்சு. செட்டுல கோளாறு இல்ல தம்பி, அது தன் வேலையைத்தான் செய்யுது.

ஆட்டோ ரிவர்ஸ் செட்டுக்கு நாடா முடிஞ்சது எப்படித் தெரியும்? நாடாவை அது பார்க்கறதில்ல. நாடாவை வாங்கிச் சுத்துற ரீல் சுத்துதான்னு அடியில ஒரு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும். கேசட் முடிஞ்சா ரீல் நிக்கும், உடனே அது பக்கத்தைத் திருப்பும். அந்த ரீல் தண்டு ரொம்ப மென்மையாத்தான் சுத்தும். அடியில வழுக்கற மாதிரி ஒரு கிளட்ச், கொஞ்சம் தடை வந்தாலும் தண்டு நின்னுக்கும். இல்லேன்னா அந்தக் காலத்துல ஒவ்வொரு கேசட்டும் முடியிற இடத்துல நாடா அறுந்திருக்கும்.

உங்க அடாப்டருக்குள்ள ரெண்டு ரீலையும் இணைக்க நாலஞ்சு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். அதுல ஒண்ணு ஒரு இடத்துல இடறுது. இடறின உடனே தண்டு நிக்குது, செட் "ஓ, முடிஞ்சுபோச்சு"ன்னு திருப்பிடுது. பேனாவுக்கு 'டிக்'னு தாண்டறது செட்டோட தண்டுக்கு மதில் சுவர் மாதிரி.

அடாப்டரைத் திறங்க. நாலு மூலை திருகு இருந்தா நல்லது, ஒட்டினதா இருந்தா நகத்தால நெம்புங்க. சக்கரப் பல்லுல பிளாஸ்டிக் பிசிறு இருக்கா, உள்ள ஒயர் சக்கரத்து மேல படுத்திருக்கான்னு பாருங்க. எண்ணெய் மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க. அது பறந்து போய் செட்டுல நாடாவை நகர்த்துற ரப்பர் உருளையில படும், அப்புறம் நல்ல கேசட்டும் நாடாவைக் கடிக்கும்.

டீக்கடை_டிஜே
திங்கள், காலை 9:02

சக்கரத்தை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டா சத்தமும் போயிடும், இடறலும் போயிடுமே? யூட்யூப்ல ஒருத்தர் அதைத்தான் பண்றார்.

ஹெட்கிளீனர்
திங்கள், காலை 9:20

சில செட்டுல நடக்கும். ஆனா சில செட் ரெண்டு தண்டையும் பார்க்கும். வாங்கற தண்டு சுத்துது, குடுக்கற தண்டு சும்மா இருக்குன்னு தெரிஞ்சா கேசட்டையே வெளிய துப்பிடும். சக்கரம் வச்சிருக்கிறதே அதுக்குத்தான். முதல்ல சக்கரத்தைச் சரி பண்ணிப் பாக்கட்டும், அதுலயும் ஆகலைன்னா பிடுங்கலாம். பிடுங்கினதைத் திருப்பி வைக்கிறதுக்குள்ள ஒண்ணு சோபாவுக்கு அடியில போயிருக்கும், இது என் அனுபவம்.

யாழ்_கரீனா
திங்கள், மதியம் 1:25

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்ட இருக்கிறது டொயோட்டா கரீனா, ஜப்பானில ஓடி முடிச்சு இஞ்ச வந்தது. உங்களுக்கு டிரான்ஸ்மிட்டர் கொடைக்கானலோட அடிபடுது. எங்களுக்கு அதை விட வில்லங்கம். ஜப்பானில எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில துவங்கும், அந்தக் காலத்து ரேடியோக்கள் 90ஓட முடிஞ்சிடும். எங்கட நிலையங்கள் 88 துவங்கி 108 மட்டும். வாகனம் கப்பலில வந்து இறங்கேக்க ரேடியோ ஏறக்குறைய ஊமை.

இதுக்கு ஒரு சின்னப் பெட்டி விப்பினம், 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' எண்டு. அன்ரனா வயருக்கு இடையில போட்டால் மேல உள்ள அலைவரிசையளை அப்பிடியே கீழ இறக்கிக் குடுக்கும். 103 இல பாடுற நிலையம் திரையில எண்பது சொச்சத்தில வந்து நிக்கும். பழகும் மட்டும் தலை சுத்தும். கடையில விக்கிற ட்ரான்ஸ்மிற்றர் கூடுதலா 87.5 இல இருந்துதான் துவங்குது. அப்ப எக்ஸ்பாண்டர் இல்லாதவைக்கு 87.5க்கும் 90க்கும் இடையில உள்ள அந்தத் துண்டுக் காணிதான் மிச்சம்.

அதால நான் கசெற் அடப்ரர்தான் பாவிக்கிறன், ஐஞ்சு வருசமா. ஒரேயொரு கரைச்சல், வயர். கசெற் வாயின்ர கதவு மூடேக்க வயரை நசிச்சு நசிச்சு உள்ளுக்க கம்பி அறுந்திட்டுது. ஜாக்கின்ர நுனி இடது, நடு வளையம் வலது, அடி பொது. அதைப் பாத்து நானே திருப்பி ஒட்டினன். கதவின்ர மூலையில அரத்தால ஒரு சின்ன வெட்டு வெட்டி விட்டன், இப்ப வயர் அதுக்குள்ளால போகுது.

மவுண்ட்ரோடு_மணி
திங்கள், மதியம் 2:10

டிரான்ஸ்மிட்டர் ஆளுங்களுக்கு ஒரு டிப்ஸ், என் பழைய மாருதி 800ல பண்ணது. கம்பி ஆண்டெனாவை முழுசா கீழ இறக்கி விடுங்க. வெளி ஸ்டேஷன் எல்லாம் மெலிஞ்சுடும், கைக்கெட்டுற தூரத்துல இருக்கிற டிரான்ஸ்மிட்டருக்கு அது போதும். கொடைக்கானல் ஒழிஞ்சது. ஆனா கேசட் அடாப்டர் சத்தம் அதை விட நல்லாருக்கும், அதை ஒத்துக்கறேன்.

கோவை_ஜென்99
செவ்வாய், இரவு 10:48

ஐயா!!! பாடுது!!!

சொன்ன மாதிரி திறந்தேன். நாலு திருகு, சின்ன ஸ்டார். உள்ள வெள்ளைச் சக்கரம் நாலு, நடுவுல கறுப்புச் சக்கரம் ஒண்ணு. ஹெட்ல இருந்து வர்ற ஒயர் கறுப்புச் சக்கரத்துக்கு மேல குறுக்கால படுத்திருக்கு. மூடி போட்டா ஒயர் சக்கரத்தை அமுக்குது. யாரோ என்னைக்கோ இழுத்திருக்காங்க போல, வெளிய ஒயர் அரை இஞ்ச் கூட வந்திருக்கு, உள்ள முடிச்சு நகந்திருக்கு. ஒயரை ஓரத்துல இருக்கிற பள்ளத்துல அமுக்கி, முடிச்சை மறுபடி உள்ள இழுத்துக் கட்டினேன். ஒரு வெள்ளைச் சக்கரத்துல நீங்க சொன்ன பிசிறும் இருந்தது, ஒரே ஒரு பல்லு ஓரத்துல, நகம் வெட்டினா வர்ற துணுக்கு சைஸ்ல. பிளேடால சீவிட்டேன். இப்ப பேனா விட்டா வெண்ணெய் மாதிரி சுத்துது.

நாப்பது நிமிஷம் ஓட விட்டேன், ஒரு தடவை கூட திரும்பல. கடகட சத்தம் இருக்கு, பாட்டு ஓடறப்ப கேக்கல.

இப்ப அடுத்த பிரச்சினை. போன்ல ஜாக் இல்ல, டைப்-சி கன்வெர்ட்டர் போடறேன். அதனால சார்ஜும் பாட்டும் சேர்ந்து நடக்க, ரெண்டு வாய் உள்ள ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். லைட்டர்ல சார்ஜர் போட்டா பாட்டுக்குப் பின்னாடி 'உய்ய்ய்'னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் மிதிச்சா அதுவும் கூட ஏறுது, விட்டா இறங்குது. சார்ஜரைப் பிடுங்கினா சத்தம் இல்ல.

சர்க்யூட்_சாமி
செவ்வாய், இரவு 11:15

இது என் ஏரியா. அந்த 'உய்' ஆல்டர்னேட்டரோட குரல், இன்ஜினோட சுத்தி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது அதுதான். சார்ஜர் வழியா போனுக்கு ஒரு எர்த், அடாப்டர் ஒயர் வழியா செட்டுக்குள்ள போய் இன்னொரு எர்த். ரெண்டும் வண்டியோட பாடில வேற வேற இடத்துல சேருது. ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்கிற குட்டி வோல்ட் வித்தியாசம் பாட்டு போற ஒயர் வழியா சுத்தி வருது. இன்ஜின் வேகம் ஏறினா ஆல்டர்னேட்டர் வேகம் ஏறும், சத்தத்தோட சுருதியும் ஏறும்.

ரெண்டு வழி. 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்'னு கேட்டா ரிச்சி ஸ்ட்ரீட்டுல கிடைக்கும், ஆன்லைன்லயும் இருக்கு. உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், பாட்டை மட்டும் தாண்ட விட்டு எர்த்தை அறுத்துடும். மலிவானதுல பேஸ் கொஞ்சம் மெலியும். இல்லேன்னா காசே இல்லாத வழி: போனைப் பவர் பேங்க்ல சார்ஜ் போடுங்க. பவர் பேங்க் வண்டியோட எங்கயும் ஒட்டல, சுத்து அறுந்துபோச்சு.

கோவை_ஜென்99
புதன், காலை 7:30

பவர் பேங்க் போட்டேன், சத்தம் சுத்தமா போச்சு. சாமி, இதுக்காகவாவது நீங்க சால்டர் அடிக்கச் சொன்னதை மன்னிச்சுடறேன்.

டீக்கடை_டிஜே
புதன், காலை 9:05

இவ்வளவுக்கும் பதிலா ப்ளூடூத் கேசட்னே ஒண்ணு விக்குறாங்களே? ஒயரே இல்ல.

ஹெட்கிளீனர்
புதன், காலை 9:40

இருக்கு. உள்ள பேட்டரி, ப்ளூடூத், ஹெட் எல்லாம் அடைச்சு வச்சிருப்பான். ரெண்டு விஷயம் எனக்குப் பிடிக்கல. சார்ஜ் தீர்ந்தா கேசட்டை வெளிய எடுத்துச் சார்ஜ் போடணும், பாதி வழில பாட்டு கேட்டுக்கிட்டே சார்ஜ் ஏத்த முடியாது. அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாசம் மத்தியானம் மூடின காருக்குள்ள டேஷ்போர்டு தொட்டா சுடும், அந்தச் சூட்டுல லித்தியம் பேட்டரியை செட்டோட வயித்துக்குள்ள விட்டு வைக்க எனக்குத் தைரியம் இல்ல.

அதை விட நல்ல வழி, இப்ப இருக்கிற ஒயர் அடாப்டரோட ஜாக்ல ஒரு குட்டி ப்ளூடூத் ரிசீவரைச் சொருகறது. வண்டியை நிறுத்தினா அதை மட்டும் பாக்கெட்ல போட்டுக்கலாம்.

எல்லாருக்கும் ஒண்ணு. எந்த அடாப்டரா இருந்தாலும் வண்டியை நிறுத்தறப்ப எஜெக்ட் அமுக்குங்க. பழைய செட் நிறையதுல சாவியை அப்படியே திருப்பி அணைச்சா ரப்பர் உருளை, அதோட சேர்ந்து நாடாவை இழுக்கிற இரும்புத் தண்டு மேல அமுங்கினபடியே நிக்கும். ராத்திரி பூரா, வாரம் பூரா அப்படி நின்னா ரப்பர்ல பள்ளம் விழும். அப்புறம் நிஜக் கேசட் போட்டா பாட்டு தள்ளாடும், என்கிட்ட வந்த செட்டுல பாதி இப்படி வந்ததுதான். மாசத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டைக் காது குடையற பஞ்சுல தொட்டு ஹெட்டைத் துடைங்க. பஞ்சு காப்பிப்பொடி நிறத்துல வந்தா, அது இத்தனை வருஷம் உங்கப்பா கேட்ட பாட்டு.

யாழ்_கரீனா
புதன், மாலை 5:50

ஐயா, நான் ஐஞ்சு வருசமா அடப்ரரை உள்ளுக்க விட்டுட்டுத்தான் சாவியை எடுக்கிறனான். நேற்று அம்மாவின்ர பழைய கசெற் ஒண்டு போட்டுப் பாத்தன், பாட்டு ஆடி ஆடிப் போகுது. சரி, இப்ப விளங்குது. அந்த ரப்பரை மாத்தலாமோ?

ஹெட்கிளீனர்
புதன், இரவு 8:15

மாத்தலாம் தம்பி. உருளையோட விட்டம், அகலம், நடு ஓட்டை மூணையும் அளந்துக்குங்க, அந்த அளவுக்கு ரப்பர் இன்னும் கிடைக்குது. அதுவரைக்கும் ஒரு 60 நிமிஷக் கேசட்டை நாலஞ்சு தடவை முழுசா ஓட விட்டுப் பாருங்க, லேசான பள்ளமா இருந்தா கொஞ்சம் எழும்பும். 90 வேண்டாம், நாடா மெல்லிசு, தள்ளாடற உருளையில சுருட்டிக்கும். அம்மா கேசட்டை அதுவரைக்கும் போடாதீங்க.

கோவை_ஜென்99
ஞாயிறு, இரவு 8:40

அப்டேட். இன்னைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டுத் திண்டுக்கல் போய் வந்தேன். போறப்ப உடுமலை வரைக்கும் என் போன் பாட்டு. அப்புறம் அப்பா எதுவும் பேசாம எஜெக்டை அமுக்கி, அடாப்டரை மடியில வச்சுக்கிட்டு, கிளவ் பாக்ஸ்ல இருந்து பழனி அடிவாரத்துக் கடையில பதிஞ்ச கேசட்டைத் தள்ளினார். ஒரு பக்கம் முடிஞ்சு 'டக்'னு திரும்பினப்ப எனக்குத்தான் பக்குனுச்சு.

திரும்பி வர்றப்ப அடாப்டரை அவரே எடுத்துப் போட்டார். ஒயரை மட்டும் கியர்ல சிக்காம இந்தப் பக்கம் விடச் சொன்னார். யாழ் அண்ணா, அந்தக் கதவு வெட்டு எந்த மூலையில, எவ்வளவு ஆழம்னு ஒரு போட்டோ போட முடியுமா?

யாழ்_கரீனா
ஞாயிறு, இரவு 9:10

நாளைக்கு வெளிச்சத்தில எடுத்துப் போடுறன்.